அம்மாவின் போனுக்கு எந்த சிம்? வெளியூர்ப் பிள்ளைகளுக்கு ஒரு திறந்த மடல்

சென்னையிலும் பெங்களூரிலும் துபாயிலும் இருந்துகொண்டு, ஊரில் இருக்கும் அம்மா அப்பா போனுக்கு மாதம் தவறாமல் ரீசார்ஜ் போட்டுவிடும் பிள்ளைகளுக்கு,

நான் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. மலையடிவாரத்துச் சிற்றூர் ஒன்றில் குடியிருக்கிறேன். உங்களில் சிலருக்கு நான் பாடம் எடுத்திருக்கலாம். எடுக்காவிட்டாலும், உங்கள் அம்மா அப்பாவைப் போன்றவர்களின் வீடுகளுக்கு நடுவில்தான் என் வீடும் இருக்கிறது. தெருவில் யாருக்குப் போனில் என்ன சிக்கல் வந்தாலும் டீச்சர் வீட்டுக்குத்தான் எடுத்துக்கொண்டு வருவார்கள். "என்னமோ மெசேஜ் வந்திருக்கு, படிச்சுச் சொல்லுங்க டீச்சர்" என்பார்கள். "பையன் ராத்திரி நாலு தடவ கூப்பிட்டானாம், எனக்கு மணியே அடிக்கல" என்பார்கள். முதலாவதை நான் படித்துச் சொல்லிவிடுவேன். இரண்டாவதற்கு என்னால் ஒன்றும் செய்ய முடிவதில்லை. அந்த சிம் எந்த நிறுவனத்துடையது என்று முடிவெடுத்தவர் நீங்கள்.

"பையன் சொன்னான், வாங்கிட்டேன்." "பொண்ணு என்ன சிம் வச்சிருக்காளோ அதையே எனக்கும் போட்டுக் குடுத்துட்டா." கேட்ட வீடுகளில் எல்லாம் ஏறக்குறைய இதுதான் பதில். அக்கறையோடு செய்ததுதான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்த முடிவை எடுக்கும்போது உங்கள் கண்முன்னால் இருந்தது உங்கள் அறை. அங்கே 5ஜி முழுதாக நிற்கிறது, படம் தடங்கல் இல்லாமல் ஓடுகிறது, அதனால் அந்த நிறுவனம் நல்ல நிறுவனம் என்று தோன்றிவிட்டது. அதே நிறுவனத்தின் டவர் உங்கள் அம்மாவின் அடுப்படிக்கு எட்டுகிறதா என்று யாரும் பார்க்கவில்லை. எந்த நிறுவனம் நல்லது என்று பொதுவாகக் கேட்டால் அதற்குப் பதிலே கிடையாது. இந்த ஊரில், இந்தத் தெருவில், இந்த வீட்டுக்குள் எது எடுக்கிறது என்று கேட்டால் பதில் உண்டு. அதைத் தெரிந்துகொள்ள ஊருக்கு வந்தாக வேண்டும். இதைச் சொல்லத்தான் இந்த மடல்.

அவர்களுக்குப் போன் எதற்கு வேண்டியிருக்கிறது என்பதிலிருந்து தொடங்குங்கள். மகளிர் உரிமைத்தொகை 1,000 ரூபாய் வங்கியில் ஏறியதும் குறுஞ்செய்தி வருகிறது. அதைப் பார்த்துத்தான் பலர் வங்கிக்கே கிளம்புகிறார்கள். ரேஷன் கடையில் பொருள் வாங்கினால் செய்தி வரும். வாங்காமலே வாங்கியதாகச் செய்தி வந்தால் கடைக்குப் போய்க் கேள்வி கேட்க அதுதான் ஆதாரம். சிலிண்டர் கொண்டுவருபவர் ஓடிபி கேட்கிறார். கரண்ட் பில் தொகை போனில்தான் வருகிறது. ஆதாரில் முகவரி மாற்றப் போனாலும், வங்கியில் எதைச் செய்யப் போனாலும் அந்தப் பத்து இலக்க எண்ணுக்குத்தான் ஓடிபி போகிறது. இவை எல்லாவற்றுக்கும் மேல், நெஞ்சு வலிக்கிறது என்று நடுராத்திரியில் கூப்பிட அவர்களிடம் இருப்பதும் அது ஒன்றுதான்.

அதனால் அவர்களுடைய வரிசை வேறு. வீட்டுக்குள் இருக்கும்போது மணி அடிக்க வேண்டும், பேச்சு அறுபடாமல் கேட்க வேண்டும். அடுத்தது குறுஞ்செய்தி நேரத்துக்கு வந்துசேர வேண்டும். நெட் வேகம் அதற்குப் பிறகுதான். உங்களுடைய வரிசை இதற்குத் தலைகீழ், உங்கள் வேலைக்கு அது சரி. பேரப் பிள்ளையின் முகத்தை வீடியோ காலில் பார்க்கும் சந்தோஷத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. நெட்டையும் பாருங்கள், ஆனால் அதை முதலில் பார்க்காதீர்கள்.

சிக்னல் வீட்டுக்குள் எப்படி வருகிறது, ஏன் வராமல் போகிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். மற்ற எல்லாக் கணக்கும் இதற்குப் பின்னால்தான். டவரிலிருந்து வருவது ரேடியோ அலை. 700, 800, 900 மெகாஹெர்ட்ஸ் போன்ற தாழ்ந்த அலைவரிசைகள் நெடுந்தூரம் போகும், சுவரையும் ஓரளவு கடந்து உள்ளே வரும். 1800, 2100, 2300 என்று மேலே போகப்போக அதிகத் தகவலைச் சுமக்க முடிகிறது, எட்டும் தூரம் குறைகிறது. நகரங்களில் 5ஜிக்குப் பெரிதும் பயன்படும் 3300 மெகாஹெர்ட்ஸ் அலை இன்னும் சீக்கிரமாகவே சுவரில் அடங்கிவிடும். நீங்கள் இருக்கும் இடத்தில் நாலு தெருவுக்கு ஒரு டவர் இருப்பதால் இந்தக் குறை தெரிவதில்லை. இங்கே டவர் இரண்டு மூன்று கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. நடுவில் ஒரு கரடு, ஒரு தென்னந்தோப்பு. வீடோ பழைய கல் கட்டடமாக இருக்கும், அல்லது கான்கிரீட் தளம் போட்டு மேலே தகரக் கொட்டகை இறக்கியிருப்பார்கள். வாசலில் மூன்று கோடு காட்டும் போன், அடுப்படிக்குள் போனதும் கோடே இல்லாமல் ஆகிவிடுகிறது. வெளியே நின்று பேசினால் கேட்கிறது, உள்ளே வந்தால் "தொடர்பு எல்லைக்கு வெளியே உள்ளார்". அம்மா பகலில் பெரும்பாலும் எங்கே இருக்கிறார் என்பதை யோசித்துப் பாருங்கள்.

கொல்லிமலையிலோ ஜவ்வாது மலையிலோ வால்பாறையிலோ சொந்தபந்தம் இருப்பவர்களுக்கு இது இன்னும் நன்றாகத் தெரியும். மலை மடிப்பில் ஒரு வளைவு திரும்பினால் ஒரு நிறுவனம் மறைந்து இன்னொன்று தலைகாட்டும். பக்கத்து ஊர்க்காரர் சொல்வதுகூட உங்கள் வீட்டுக்குப் பொருந்தாது.

எப்படிச் சோதிப்பது? முதலில் அக்கம்பக்கத்து வீடுகளில் கேளுங்கள். எதிர்வீட்டு அத்தை என்ன சிம் வைத்திருக்கிறார், அவருக்கு வீட்டுக்குள் பேச முடிகிறதா என்று விசாரியுங்கள். கடைக்காரரைவிட அவருக்கு நன்றாகத் தெரியும்; கடைக்காரருக்கு எந்த நிறுவனம் கூடுதல் கமிஷன் தருகிறது என்பதும் சேர்ந்தே தெரியும். பிறகு உங்கள் போனும், உறவினர் போனும், நண்பர் போனுமாக வெவ்வேறு நிறுவன சிம்கள் உள்ளவற்றைச் சேர்த்து வைத்துக்கொண்டு வீட்டுக்குள் நடங்கள். அப்பா படுக்கும் கட்டிலில் உட்கார்ந்து ஒரு கால் போடுங்கள். அடுப்படியில், குளியலறை வாசலில், மாட்டுக்கொட்டகையில், தோட்டத்து மோட்டார் ரூமில் போடுங்கள். கோட்டை எண்ணிக்கொண்டு இருக்காதீர்கள். இரண்டு கோடு இருந்தும் பேச்சு விட்டுவிட்டுக் கேட்பதுண்டு. நீங்கள் பேசினால் போதாது, வெளியிலிருந்து ஒருவர் உள்ளே கூப்பிட்டும் பார்க்க வேண்டும். ராத்திரி எட்டு மணிக்கு மேல் இன்னொரு முறை பாருங்கள். ஊரே போனைக் கையில் எடுக்கும் நேரம் அது. பகலில் நன்றாக இருந்த டவர் அப்போது திணறும்.

முடிந்தால், மின்வாரியம் மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலையிலிருந்து மாலைவரை கரண்டை நிறுத்தும் நாளில் ஊரில் இருங்கள். டவருக்கும் கரண்ட் வேண்டும். நின்றால் பேட்டரியில் ஓடும், பேட்டரி தீர்ந்தால் ஜெனரேட்டர் இருந்தால் ஓடும். சில டவர்கள் சாயங்காலம்வரை தாங்கும், சில மத்தியானத்துக்குள் அணைந்துவிடும். இதை எந்த விளம்பரமும் சொல்லாது. அந்த ஒரு நாளில் நீங்களே நேரில் பார்த்துவிடலாம்.

வரைபடங்களும் இருக்கின்றன. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2024-இல் கொண்டுவந்த தர விதிகளின்படி, எங்கெங்கே 2ஜி, 4ஜி, 5ஜி கிடைக்கும் என்ற வரைபடத்தை ஒவ்வொரு நிறுவனமும் தன் இணையதளத்தில் போட்டாக வேண்டும். துபாயில் இருந்தபடியே அதைத் திறந்து உங்கள் ஊரைப் பார்க்கலாம். உங்கள் ஊரில் வண்ணமே விழாத நிறுவனத்தை அப்போதே தள்ளிவிடுங்கள். வண்ணம் விழுந்திருக்கிறது என்பதற்காக மட்டும் ஒரு நிறுவனத்தை எடுத்துவிடாதீர்கள். வரைபடத்துக்கு உங்கள் வீட்டுச் சுவரின் கனம் தெரியாது.

கடலோரத்துப் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. தனுஷ்கோடிப் பக்கம் போனவர்களுக்கு இலங்கை நிறுவனத்தின் வரவேற்புச் செய்தி போனில் வந்திருக்கும். அந்தக் கரையில் இருக்கும் பெற்றோரின் போனில் சர்வதேச ரோமிங் அணைந்திருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

அடுத்து, கையில் இருக்கும் போன். சிம்மைத் தேர்ந்தெடுக்கும் முன் இதைப் பார்க்காததால் வரும் தொல்லை கொஞ்சநஞ்சமல்ல. அப்பாக்கள் பலர் இன்னும் பட்டன் போன்தான் வைத்திருக்கிறார்கள். பழைய பட்டன் போன்கள் 2ஜியில் மட்டும் பேசும். ஜியோவுக்கு 2ஜியே கிடையாது. 2016 செப்டம்பரில் வந்தபோதே 4ஜியோடு மட்டும் வந்த நிறுவனம் அது. எனவே பழைய பட்டன் போனில் அந்த சிம் வேலை செய்யாது. 4ஜி பட்டன் போன் வாங்க வேண்டும், வாங்கும்போது அது ஒரே நிறுவனத்துக்குப் பூட்டப்பட்டதா என்று கேட்க வேண்டும். ஜியோபாரத் போன்ற போன்களில் வேறு சிம் போட முடியாது. விலை குறைவு என்று வாங்கிக் கொடுத்துவிட்டு, நாளைக்கு நிறுவனத்தை மாற்ற வேண்டி வந்தால் போனையும் சேர்த்து மாற்ற வேண்டியிருக்கும். டச் போனாக இருந்தால் அதில் 4ஜி வழியாகவே பேசும் வசதி, அதாவது வோல்ட்டி, திறந்திருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லையென்றால் ஒவ்வொரு அழைப்புக்கும் போன் 2ஜிக்கு இறங்கும். இறங்க 2ஜி இல்லாத இடத்தில் அழைப்பே போகாது.

வீட்டில் பைபர் இணைப்பு இருந்தால் சிக்கல் பாதி தீர்ந்தது. வைஃபை வழியாகவே போன் பேசும் வசதி ஏர்டெல்லில் 2019 டிசம்பரிலும் ஜியோவில் 2020 ஜனவரியிலும் வந்தது. டவர் எட்டாத அறையிலும் அது வேலை செய்கிறது. பைபரோடு வரும் தரைவழி போனைக் கட்டில் பக்கத்தில் வைத்துவிட்டால், முழங்கால் வலியோடு போனைத் தேடி எழுந்து போக வேண்டியதில்லை. ஆனால் கரண்ட் போனால் மோடம் அணைந்துவிடும். பழைய செம்புக் கம்பி போனுக்கு எக்ஸ்சேஞ்சிலிருந்தே மின்சாரம் வந்தது, அந்த வசதி பைபரில் இல்லை. மோடத்துக்கு ஒரு சின்ன யுபிஎஸ் வாங்கி வையுங்கள்.

பணக் கணக்கை நான் கடைசியில் வைப்பேன், இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். 28 நாள் ரீசார்ஜ் மாதக் கணக்கல்ல. வருடத்துக்கு 13 முறை போட வேண்டி வரும். இதைப் பற்றி எழுந்த புகார்களுக்குப் பிறகு, 30 நாள் செல்லும் திட்டம் ஒன்றும், மாதாமாதம் அதே தேதியில் புதுப்பிக்கும் திட்டம் ஒன்றுமாவது ஒவ்வொரு நிறுவனமும் வைத்திருக்க வேண்டும் என்று 2022-இல் டிராய் உத்தரவிட்டது. நெட் வேண்டாம், பேச்சும் குறுஞ்செய்தியும் மட்டும் போதும் என்பவர்களுக்குத் தனித் திட்டம் தர வேண்டும் என்று 2024 டிசம்பரில் இன்னொரு விதி வந்தது. அதே விதி, சிறப்புத் திட்டங்களின் ஆயுளை 90 நாளிலிருந்து 365 நாள்வரை நீட்டிக்க இடம் கொடுத்தது. பட்டன் போன் வைத்திருக்கும் அப்பாவுக்கு இப்படி ஒரு பேச்சுத் திட்டத்தை நீண்ட நாளுக்குப் போட்டுவிட்டால் தீர்ந்தது. நிறுவனங்களின் ஆப்பைத் திறந்ததும் இது கண்ணில் படாது, உள்ளே போய்த் தேடித்தான் எடுக்க வேண்டும். தினமும் 2 ஜிபி தரும் திட்டத்தைப் பட்டன் போனுக்குப் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்கும் பிள்ளைகள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். அந்தப் பணத்தில் ஒரு மாத ரத்த அழுத்த மாத்திரை வந்துவிடும்.

ரீசார்ஜ் விட்டுப்போனால் என்ன ஆகும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். 90 நாள் எந்தப் பயன்பாடும் இல்லாமல் இருந்தால்தான் ப்ரீபெய்ட் எண்ணைத் துண்டிக்கலாம்; அப்போதும் கணக்கில் 20 ரூபாய் இருந்தால் அதைக் கழித்துக்கொண்டு 30 நாள் நீட்டிக்க வேண்டும். 2013-லிருந்து விதி இதுதான். எண் கையை விட்டுப் போகாது, அவ்வளவுதான். அழைப்பு வரும், ஓடிபி வரும் என்று இதற்கு அர்த்தமில்லை. துண்டித்த எண்ணை 90 நாள் போன பிறகு வேறொருவருக்குக் கொடுத்துவிடலாம். அம்மாவின் வங்கிக் கணக்கில் அந்தப் பழைய எண்ணே இருந்தால் ஓடிபி முகம் தெரியாத ஒருவர் போனுக்குப் போகும். எண்ணை விடுவதாக இருந்தால், வங்கியிலும் ஆதாரிலும் ரேஷன் அட்டையிலும் மாற்றிவிட்டு அப்புறம் விடுங்கள்.

நிறுவனம் நிலைக்குமா என்ற கேள்வியும் இருக்கிறது. உங்களில் முப்பதைத் தாண்டியவர்களுக்கு ஏர்செல் நினைவிருக்கும். 1999-இல் தமிழ்நாட்டில் தொடங்கி, நம் ஊர் நிறுவனம் என்று பெயர் வாங்கி, சென்னை சூப்பர் கிங்ஸ் சட்டையில் இடம்பிடித்த நிறுவனம். கிராமத்துக் கடைச் சுவர்களில் அதன் விளம்பரம் இல்லாத ஊர் குறைவு. 2018 பிப்ரவரியில் அது டவர் நிறுவனங்களுக்கான பாக்கியில் சிக்கியதால், தமிழ்நாட்டின் பல பகுதிகளில் ஒரே நாளில் சிக்னல் போனது. அந்த மாதம் 28-ஆம் தேதி நிறுவனம் திவால் மனு கொடுத்தது. வேறு நிறுவனத்துக்கு மாற ஒரு குறியீடு வேண்டும், அதைக் கேட்டுக் குறுஞ்செய்தி அனுப்ப சிக்னல் வேண்டும், சிக்னல்தான் இல்லையே. கடை வாசல்களில் மக்கள் திரண்டு நின்றார்கள். ஏப்ரல் நடுவரை டிராய் அவகாசம் வாங்கித் தந்தது. மாறிக்கொண்டவர்கள் தப்பினார்கள். எண்ணை இழந்தவர்களில், என் அனுபவத்தில், பெரும்பாலோர் வயதானவர்கள். யாராவது வந்து மாற்றித் தருவார்கள் என்று காத்திருந்தவர்கள் அவர்கள்.

அது ஏர்செல்லோடு நிற்கவில்லை. ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸ் 2017 கடைசியில் செல்போன் பேச்சுச் சேவையை மூடியது. வோடபோனும் ஐடியாவும் 2018 ஆகஸ்டில் ஒன்றாயின; இன்றைய வி அதுதான். டாடா டோகோமோ 2019-இல் ஏர்டெல்லுக்குள் போனது. இப்போது தமிழ்நாட்டில் நமக்குக் கிடைப்பவை நான்கு: ஜியோ, ஏர்டெல், வி, பி.எஸ்.என்.எல். 2024 ஜூலையில் முதல் மூன்றும் அடுத்தடுத்து விலையை ஏற்றின, பி.எஸ்.என்.எல் ஏற்றவில்லை, அதனால் பலர் அங்கே மாறினார்கள். மாறிய பிறகுதான் தங்கள் தெருவில் அதன் 4ஜி இன்னும் வரவில்லை என்று சிலருக்குத் தெரிந்தது. வேறு சில ஊர்களில் நான் பார்த்தது நேர்மாறு: மற்ற மூன்றும் எட்டாத மடுவில் பி.எஸ்.என்.எல் மட்டும் பேசும். உள்நாட்டிலேயே உருவான கருவிகளோடு 2025 செப்டம்பரில் அதன் 4ஜி நாடு முழுக்கத் தொடங்கி வைக்கப்பட்டது. அதற்கு முன் பார்த்து வேண்டாம் என்று விட்டவர்கள் இப்போது மறுபடி பார்ப்பது நல்லது. வி நிறுவனம் அரசுக்குச் செலுத்த வேண்டிய பாக்கிகளில் ஒரு பகுதி பங்குகளாக மாற்றப்பட்டு, 2025-இல் அதில் அரசின் பங்கு ஏறத்தாழ 49 விழுக்காடு ஆனது. யார் நிலைப்பார்கள் என்று சோதிடம் சொல்ல நான் வரவில்லை. ஆனால் பெற்றோரின் நிறுவனத்தைப் பற்றிச் செய்தி வந்தால் அது உங்கள் வீட்டுச் செய்தி என்று எடுத்துக்கொள்ளுங்கள், முதல் வாரத்திலேயே முடிவெடுங்கள்.

மாறுவது இப்போது கஷ்டமில்லை. எண்ணை வைத்துக்கொண்டு நிறுவனத்தை மட்டும் மாற்றும் உரிமை 2011 ஜனவரி 20-இலிருந்து நாடு முழுக்க நடைமுறையில் இருக்கிறது. எந்த எண்ணை மாற்ற வேண்டுமோ அந்த போனிலிருந்தே, ஆங்கிலத்தில் 'போர்ட்' என்று அடித்து, ஓர் இடம் விட்டு, அந்தப் பத்து இலக்க எண்ணை எழுதி 1900-க்கு அனுப்ப வேண்டும். எட்டு எழுத்துகள் கொண்ட குறியீடு ஒன்று வரும். நம் மாநிலத்தில் அது நான்கு நாள் செல்லும். அதற்குள் புதிய நிறுவனத்தின் கடைக்கு ஆதாரோடு போக வேண்டும். இதே மாநிலத்து எண்ணாக இருந்தால் மூன்று வேலை நாளிலும், வேறு மாநிலத்து எண்ணாக இருந்தால் ஐந்து வேலை நாளிலும் மாற்றம் முடிந்துவிட வேண்டும். இருக்கும் நிறுவனத்தில் 90 நாளாவது ஆகியிருக்க வேண்டும். பழைய ரீசார்ஜில் மிச்சமிருக்கும் நாளும் பணமும் கூட வராது, அதனால் வேலிடிட்டி முடியும் தறுவாயில் மாற்றுங்கள். சிம் தொலைந்து புதிதாக வாங்கியிருந்தால் ஏழு நாளுக்கு அந்தக் குறியீடு தரமாட்டார்கள்; மோசடியைத் தடுக்க 2024 ஜூலையில் வந்த விதி அது, நல்ல விதிதான். வங்கி வேலையோ ஆஸ்பத்திரிக் காப்பீட்டு வேலையோ இருக்கும் வாரத்தில் சிம்மில் கை வைக்காதீர்கள்.

இந்த இடத்தில்தான் பல வீடுகளில் வண்டி நிற்கிறது. சிம் யார் பெயரில் இருக்கிறது? அம்மா கையில் பத்து வருடமாக இருக்கும் எண், எப்போதோ வாங்கித் தந்த சித்தி மகன் பெயரில் இருக்கும். அல்லது காலமான அப்பா பெயரில் இருக்கும். கடையில் உரிமையாளரின் ஆதார் கேட்பார்கள், நேரில் முகப்படம் எடுப்பார்கள். பெயரை மாற்றிக்கொண்டே நிறுவனத்தையும் மாற்ற முடியாது. இருக்கும் நிறுவனத்தில் முதலில் பெயரை மாற்றி, அது முடிந்த பிறகுதான் மாற வேண்டும். சித்தி மகனோடு நாளைக்கு மனஸ்தாபம் வந்தால் என்ன செய்வது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அம்மா பேசும் எண் அம்மா பெயரிலேயே இருக்கட்டும், உங்கள் பெயரிலும் வேண்டாம்.

வயல் வேலை செய்த விரல்களில் ரேகை தேய்ந்திருக்கும், கடையின் இயந்திரம் எடுக்காது. "இன்னொரு தடவ வைங்கம்மா, இன்னொரு தடவ" என்று கடைக்காரர் கேட்டுக்கொண்டே இருப்பார். சில கெட்ட கடைகளில் அந்த இன்னொரு தடவையில் இன்னொரு சிம் போட்டு வேறு யாருக்காவது விற்றுவிடுகிறார்கள். ஆதாரைப் படமெடுத்து நேரடி முகப்படத்தோடு முடிக்கும் வழியும் இருக்கிறது, அதைக் கேட்டு வாங்குங்கள், கூடவே நில்லுங்கள். பிறகு அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் அம்மாவின் எண்ணைக் கொடுத்தால், அவர் பெயரில் எத்தனை இணைப்புகள் இருக்கின்றன என்று காட்டும். நமக்குச் சம்பந்தமில்லாத எண் இருந்தால் அங்கேயே புகார் செய்யலாம்.

இரண்டு சிம் போடும் போன் என்றால் இரண்டாவது இடத்தை வேறொரு நிறுவனத்துக்குக் கொடுங்கள். இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. இரண்டு நிறுவனங்கள் ஒரே இரும்புக் கோபுரத்தில் ஆண்டெனா கட்டியிருப்பது இன்று சாதாரணம். கரண்ட் போய் அந்தக் கோபுரம் அணைந்தால் இரண்டும் சேர்ந்தே அணையும். 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது டெல்டாவில் மின்கம்பங்கள் ஆயிரக்கணக்கில் சாய்ந்தன. கரண்ட் வராமல் போனும் பேசாமல், பெற்றோர் இருக்கிறார்களா என்று கேட்கக்கூட முடியாமல் வெளியூர்ப் பிள்ளைகள் தவித்தார்கள். நாகை, திருவாரூர், தஞ்சை, புதுக்கோட்டைப் பிள்ளைகள் அந்த நாட்களை மறந்திருக்க மாட்டீர்கள். அதனால் இரண்டாவது சிம்மின் டவர் வேறு இடத்தில் இருக்கிறதா என்று கேட்டு எடுங்கள். ஊருக்குள் எந்தக் கோபுரத்தில் யார் யார் இருக்கிறார்கள் என்பது ரீசார்ஜ் கடைக்காரருக்கும், அந்த இடத்துக்கு வாடகை வாங்குபவருக்கும் தெரியும்.

எல்லாம் சரியாகத் தேர்ந்தெடுத்த பிறகும் ஒருநாள் சிக்னல் கெட்டுப்போகலாம். பெரியவர்கள் புகார் செய்ய மாட்டார்கள். தங்கள் போன்தான் கெட்டுவிட்டது என்று நினைத்துக்கொள்வார்கள், அல்லது தங்களுக்குத்தான் இயக்கத் தெரியவில்லை என்று கூச்சப்படுவார்கள். நிறுவனத்தின் புகார் எண்ணான 198-க்குக் கட்டணமில்லை. அதில் புகார் பதிந்ததும் ஓர் எண் தருவார்கள், அதைக் குறித்துக்கொள்ளுங்கள். தீர்வு கிடைக்காவிட்டால் அந்த எண்ணைக் காட்டி அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் 30 நாளுக்குள் போகலாம். தனிப்பட்ட புகார்களை டிராய் விசாரிப்பதில்லை, அதனால் இந்த வழியை விட்டுவிடாதீர்கள். இதை அவர்களுக்காக நீங்கள்தான் செய்ய வேண்டும்.

பிள்ளைகளே, உங்கள் வேலை நெருக்கடி எனக்குத் தெரியும். ஊருக்கு வருவதே இரண்டு நாள் என்றால், அதில் கோயிலும் கல்யாணமும் போக மிஞ்சுவது கொஞ்ச நேரம்தான். அந்த நேரத்தில் ஒரு அரை நாளை இதற்குக் கொடுங்கள் என்று கேட்கிறேன். அம்மா கையில் இருக்கும் எண் யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். மூன்று நான்கு சிம்களோடு வீட்டுக்குள் நடந்து பாருங்கள். எது அடுப்படியில் பேசுகிறதோ, எது அப்பாவின் கட்டிலில் பேசுகிறதோ, அதற்கு மாற்றிவிட்டுப் போங்கள். அது உங்கள் போனில் இருக்கும் நிறுவனமாக இருக்க வேண்டிய அவசியமில்லை. குறியீடு நான்கு நாள்தான் செல்லும், கடைக்கு அவர்களும் வர வேண்டும். ஆகவே ஊருக்கு வந்த முதல் நாள் காலையிலேயே 1900-க்கு அந்தச் செய்தியை அனுப்பிவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் ஊர் டீச்சர்